புதுப்பிப்பு: மலைகள் ஒருவழியாகப் பின்னால் போய்விட்டன

என் அக்ரிலிக் நிலக்காட்சி ஓவியத்தில் தூரத்து மலைகள் முன்னாலுள்ள மரங்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, எப்படித் தள்ளி வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நீலம் சேர்க்கச் சொன்னவர்கள்தான் அதிகம். சேர்த்தேன். மலை நீலமானது, ஆனால் அங்கேயே நின்றது!

பலன் தந்தது, நிழல்களை வெளிறச் செய்யச் சொன்ன யோசனை. காற்றில் சிதறும் ஒளி நமக்கும் மலைக்கும் நடுவே திரைபோல் படிவதால், தூரம் கூடக்கூட முதலில் கருமை இழப்பது நிழல்கள்தான். அல்ட்ராமரைன் (அடர்நீலம்), வெள்ளை, துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்து மலை நிழல்களை மூடினேன். அந்தச் சியன்னா இல்லாவிட்டால் நீலம் கண்ணை உறுத்துகிறது. கடைசி மலைத்தொடர் இப்போது வானத்தைவிட ஒரு படிதான் அடர்த்தி. மலையடிவாரத்தை உச்சியைவிட வெளிறலாக விட்டேன். புகைமூட்டம் கீழேதானே அடர்த்தி.

உலர்ந்த வண்ணத்தின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுக்கும் வழியையும் ஓரத்தில் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆனது, எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம், செய்து பார்ப்பவர்களுக்கு: அக்ரிலிக் உலர்ந்தால் சற்றுக் கருக்கும். தூரத்து நிறங்களைத் தேவைக்கு ஒரு படி வெளிறலாகவே கலந்துகொள்ளுங்கள்.