ஜிமெயிலில் எங்கள் சின்னம் தெரியவில்லை: பிமி பதிவில் என்ன பிழை?

மருதமுனைத் தறி:
மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் நெய்கிறோம். பாசிக்குடா, அறுகம்பை விடுதிகளுக்கு மேசை விரிப்பும் கொடுக்கிறோம். போன மாதம் எங்கள் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே போனதுபோல ஒரு விடுதிக்குப் போலிப் பில் போயிருக்கிறது. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. அவர்கள் அழைத்துக் கேட்டதால் பணம் தப்பியது. அன்றிலிருந்து எங்கள் அஞ்சலில் தறி நாடாச் சின்னம் தெரிய வேண்டும் என்று பாடுபடுகிறேன். எங்கள் இணையப் பெயரின் விவரங்கள் இருக்கும் டி.என்.எஸ்ஸில், அனுப்புபவரின் சின்னத்தை அஞ்சலில் காட்டவைக்கும் பிமி பதிவு சேர்த்து மூன்று நாளாகியும் வட்டத்துக்குள் முதலெழுத்துதான் நிற்கிறது. எங்கள் பெயரில் வரும் போலி அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கை ‘நன்’ (none).

கல்லடிவாசி:
தம்பி, அந்த ‘நன்’தான் பிழை. போலி அஞ்சல் வந்தாலும் தடுக்காதே என்று நீங்களே சொல்லி வைத்திருக்கிறீர்கள். ‘குவாரன்டீன்’ (ஸ்பாமில் ஒதுக்கு) அல்லது ‘ரிஜெக்ட்’ (ஏற்காதே), அதுவும் 100 வீத அஞ்சலுக்கும் இருந்தால்தான் பிமி வேலை செய்யும். போலிப் பில்லும் இந்த வாசலால்தான் நுழைந்திருக்கும். சின்னம் பிறகு, முதலில் இதை மூடுங்கள்.

ஆனால் இன்றிரவே ‘ரிஜெக்ட்’ போட வேண்டாம். உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பும் ஒவ்வொன்றும் டிகிம் என்ற மின்-கையொப்பச் சோதனையில் தேறுகிறதா என்று டிமார்க் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்தப் பில்லே குப்பைக்குப் போகும். ஓரெழுத்து மாற்றிய முகவரியை இது தடுக்காது. கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் கேட்கும்படி விடுதிகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சின்னக் கோப்பை எப்படிச் செய்தீர்கள்?

மருதமுனைத் தறி:
பி.என்.ஜி. படத்தை எஸ்.வி.ஜி. ஆக மாற்றினேன் அண்ணா. நோட்பேடில் திறந்தால் ‘இமேஜ்’ என்றொரு சொல், பிறகு பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துகள்.

கல்லடிவாசி:
அது எஸ்.வி.ஜி. உறைக்குள் போட்ட அதே படம். பிமி கேட்பது ‘டைனி பி.எஸ்.’ வகை: கோடுகளாலேயே வரைந்தது, சதுரமானது, தலைப்பு வரி உள்ளது, 32 கிலோபைட்டுக்கு மேற்படாதது. வட்டமாக வெட்டித்தான் காட்டுவார்கள். நாடாவின் கூர்முனைகள் வெட்டுப்படாதபடி ஓரத்தில் இடம் விடுங்கள்.

சின்னம் உங்களுடையதுதான் என்பதற்கு ஜிமெயிலுக்குச் சான்றிதழும் வேண்டும். பதிவுசெய்த வணிகக் குறி இருந்தால் வி.எம்.சி. என்ற சான்றிதழ்; நீலச் சரிக்குறியும் வரும். இல்லையென்றால் ஜிமெயில் 2024இல் ஏற்கத் தொடங்கிய சி.எம்.சி. என்ற சான்றிதழ் இருக்கிறது. அதற்குச் சின்னம் உங்கள் இணையதளத்தில் 12 மாதமாவது இருந்திருக்க வேண்டும், சரிக்குறி வராது.

மருதமுனைத் தறி (மூன்று வாரத்துக்குப் பின்):
பில் அனுப்பும் மென்பொருள்தான் டிகிமில் தோற்றுக்கொண்டிருந்தது. சரிசெய்துவிட்டேன், நேற்று ‘குவாரன்டீன்’ போட்டேன், பில்கள் ஒழுங்காகப் போகின்றன. சாரத்தின் லேபிளில் பல வருடமாக இருக்கும் சின்னம், இணையதளத்தில் ஏறி எட்டு மாதம்தான். மீதி நான்கு மாதத்துக்குள், வாப்பா கையால் வரைந்த அந்த நாடாவைக் கோடு கோடாக வரைந்து முடிப்பேன்.