எஸ்டர் மக்கவில்லையா, தண்ணீரையே தொடவில்லையா?

பிளாஸ்க்பித்தன்:
கொழுப்பு அமில எஸ்டர் என்றாலே "எளிதில் மக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தவன் நான். நுண்ணுயிரியின் லைபேஸ் என்ற நொதி எஸ்டர் பிணைப்பை வெட்டும், பிறகு கொழுப்பு அமிலம் பீட்டா ஆக்சிஜனேற்றத்தில் இரண்டிரண்டு கார்பனாகக் கழன்றுவிடும். இதில் தடங்கல் எங்கிருந்து வரப்போகிறது?

அப்படி ஒரு எஸ்டரான மீத்தைல் ஓலியேட்டை ஓ.இ.சி.டி. 301பி முறையில் போட்டேன்; பொருள் எளிதில் மக்குமா என்பதை, வெளிவரும் கரியமில வாயுவை வைத்துப் பார்க்கும் டெஸ்ட் அது. கழிவுநீர் நிலையத்து ஸ்லட்ஜ் (நுண்ணுயிரிகள் நிறைந்த சேறு), தாது உப்புக் கரைசல், கரியமில வாயு நீக்கிய காற்று, இருட்டு, 22 டிகிரி. வெளியேறும் காற்று பேரியம் ஹைட்ராக்சைடு பாட்டில்கள் வழியே போகும். கரியமில வாயு வந்தால் தெளிந்த கரைசல் பால் போல வெளுக்கும். மிச்சமிருக்கும் காரத்தை டைட்ரேட் செய்து, பொருளின் கார்பன் முழுக்க மாறினால் வரவேண்டிய கரியமில வாயுவில் எத்தனை சதவீதம் வந்தது என்று கணக்குப் போடுவோம். 60ஐத் தாண்டினால்தான் பாஸ்.

ஒப்பீட்டுக்காக, எளிதில் மக்கும் என்று தெரிந்த சோடியம் பென்சோயேட் போட்ட பிளாஸ்க்கில் முதல் பாட்டில் மூன்றாம் நாளே வெளுத்தது. 14ஆம் நாளுக்குள் 60 சதவீதத்தையும் தாண்டியது. ஆக, ஸ்லட்ஜ் மேல் பழி போட முடியாது. எஸ்டருக்கு வைத்திருந்த இரண்டு பிளாஸ்க்கில் ஒன்று 28ஆம் நாள் 66, இன்னொன்று 41. இணை பிளாஸ்க்குகளுக்குள் வித்தியாசம் 20க்குள் இருக்க வேண்டும். டெஸ்ட் செல்லாது.

கழுவப் போகும்போதுதான் பார்த்தேன். 41 வந்த பிளாஸ்க்கில் நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடியைச் சுற்றி மங்கலான வளையம். டிஷ்யூவால் துடைத்தால் பிசுபிசு. லிட்டருக்கு 15 மில்லிகிராம் கார்பன் என்று வைத்தால் 3 லிட்டருக்கு சுமார் 58 மில்லிகிராம் எஸ்டர்தான், அதாவது ஏறக்குறைய மூன்று சொட்டு. அதில் ஒரு சொட்டு சுவரில் ஒட்டினாலே மூன்றில் ஒரு பங்கு போச்சு! நுண்ணுயிரி தண்ணீருக்குள்ளே, தீனி சுவர் மேலே.

அடுத்த முறை சுவரில் ஒட்டாமல் தண்ணீருக்குள் பரவ, எஸ்டரை சிலிகா ஜெல் தூளில் ஏற்றிப் போட்டேன், மேக்னெட்டிக் ஸ்டர்ரரையும் நிதானமாக ஓடவிட்டேன். ஆவியாகும் கரைப்பானில் கரைத்து ஏற்றினால் அது முழுக்கப் பறக்கும்வரை பொறுக்கணும், இல்லையென்றால் அதன் கார்பனும் உங்கள் கணக்கில் சேரும். இந்த முறை இரண்டு பிளாஸ்க்கும் 60ஐத் தாண்டின. அதுவும் டெஸ்ட் கேட்கிறபடி, 10 சதவீதத்தைத் தொட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள். எஸ்டர் அதே எஸ்டர்தான்.

சோடாலைம்:
அண்ணா, நான் அதே வரிசையில 301எஃப் முறை ஆள். மூடின பாட்டில், ஆக்சிஜன் குறையுறதை அழுத்தத்துல பார்ப்போம். என் கூத்து வேற மாதிரி: என் எஸ்டர் 118 சதவீதம் மக்கிச்சு! ரெண்டு நாள் லீக் தேடினேன், சென்சாரை மாத்தினேன். கடைசில பார்த்தா கீழே வகுத்த எண்ணே, அதாவது எஸ்டர் முழுசா ஆக்சிஜனேற்றம் ஆக வேண்டிய ஆக்சிஜன் அளவே தப்பு. ஃபார்முலாவிலிருந்து கணக்குப் போடாம, லேபில் அளந்த சி.ஓ.டி. (ரசாயனத்தால ஆக்சிஜனேற்றி அளக்கும் ஆக்சிஜன் தேவை) மதிப்பை வச்சிருந்தேன். தண்ணில கரையாத எண்ணெய் அந்த டைஜஷன்ல முழுசா ஆக்சிஜனேற்றம் ஆகல, மதிப்பு குறைவா வந்திருக்கு. உங்க மீத்தைல் ஓலியேட்டுக்குக் கணக்குப்படி கிராமுக்கு 2.91 கிராம் ஆக்சிஜன். இப்பெல்லாம் காகிதத்துல கணக்குப் போட்டு ஒட்டி வச்சுட்டுத்தான் பாட்டிலையே தொடறது.

வடிதாள்:
நீங்க ரெண்டு பேரும் பரவாயில்லை தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதே மாதிரி ஒரு எஸ்டரை, கரைந்த கார்பன் குறையுறதைப் பார்க்கும் 301ஏ முறையில போட்டேன். வடிகட்டி அளந்தா முதல் நாளே கரைசல்ல கார்பன் கிட்டத்தட்ட இல்லை. "ஒரே நாள்ல மக்கிடுச்சு சார்"னு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. குப்பைக் கூடையிலிருந்து ஃபில்டர் பேப்பரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சார். நடுவில வட்டமா எண்ணெய்க் கறை, பின்னால இருந்த மரம் தெரியுது. கரையாத பொருளுக்கு அந்த முறை ஆகாதுன்னு வழிகாட்டியிலேயே போட்டிருக்கு, படிச்சிருந்தா மானம் தப்பியிருக்கும்.

பிளாஸ்க்பித்தன்:
அக்கா, அந்தப் பேப்பரை என்ன செய்தீங்க?

வடிதாள்:
நோட்டில ஒட்டியாச்சு. அடுத்த ரெண்டு பக்கத்துக்கும் எண்ணெய் இறங்கிடுச்சு.