1830களின் நீர்வண்ணத் தன்னுருவப்படம்: லேஸ் காலரும் காலக் கணிப்பும்

மைத்துளி:
இங்கிலாந்துப் பெண் ஓவியர் ஒருவர் 1830களில் தீட்டியதாகச் சொல்லப்படும் வாட்டர்கலர் தன்னுருவப்படத்தைப் பயிற்சிக்காக நகலெடுக்கிறேன். கருநீல உடை, அதன்மேல் தோள்களை மூடும் வெள்ளை லேஸ் காலர். அந்த லேஸ் ஒவ்வொரு முறையும் சாம்பல் சேறாகிவிடுகிறது. இன்னொன்று, படத்தில் தேதி இல்லை. சட்டைக் கை தோளருகே பலூன் போல உப்பி, மணிக்கட்டில் இறுகியிருக்கிறது. உயரக் கொண்டையில் ஆமையோட்டுச் சீப்பு, நெற்றியில் மெல்லிய சங்கிலி, காஷ்மீர் சால்வை. ஆண்டைக் கணிக்க முடியுமா?

பழையபெட்டி:
அது 'ஜிகோ' கை, அதாவது ஆட்டுத்தொடை வடிவம். 1836 வாக்கில் தோள் உப்பல் அடங்கி, முழங்கைப் பக்கம் இறங்கிவிட்டது. ஆகவே உங்கள் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. நெற்றிச் சங்கிலிக்கு ஃபெரோனியேர் என்று பெயர். அதுவும் உயரக் கொண்டையும் இதே கணிப்புக்குப் பொருந்துகின்றன. சால்வையை மட்டும் நம்பாதீர்கள். 1790களிலிருந்து 1860கள் வரை காஷ்மீர் சால்வை மோகம் ஓயவில்லை, தாயிடமிருந்து மகளுக்கும் போனது.

மோதிரத்தையும் பாருங்கள். கண்ணாடியைப் பார்த்துத் தீட்டியதென்றால் இடக்கை மோதிரம் படத்தில் வலக்கையில் இருப்பதாகத் தெரியும். அதைத் 'திருத்தி' வரைய வேண்டாம்.

ஈரத்தாள்:
சேறாவதற்குக் காரணம், ஈரம் காயுமுன் மறுபடி தொடுவதும் சாம்பலுக்கு மூன்று நான்கு நிறங்களைக் கலப்பதும்தான். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஹாட் பிரஸ் தாளில், அதாவது வழவழப்பான வாட்டர்கலர் தாளில், காலரின் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். பூவேலையும் வளைந்த ஓரமும் வெறும் தாளாகவே நிற்கட்டும். வலைப்பகுதிக்கு, உடையின் அதே நீலத்தை நன்றாக நீர்க்க விட்டு ஒரே பூச்சு. முழுதும் காய்ந்தபின் முதல் எண் தூரிகையால் வலையின் கண்களை அடர்நீலத்தில் புள்ளியிடுங்கள். ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தில் மட்டும் போதும். எல்லாக் கண்களையும் வரைந்தால் லேஸ் கம்பிவலை ஆகிவிடும். மடிப்பு நிழலுக்குக் கோபால்ட் நீலமும் துளி லைட் ரெட்டும் (செம்மண் சிவப்பு). இரண்டுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

சீப்புக்கு முதலில் ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு). அது ஈரமாக இருக்கும்போதே பர்ன்ட் சியன்னாவை (செம்பழுப்பு) சொட்டுங்கள், காய்ந்தபின் செபியா (கரும்பழுப்பு) திட்டுகள். பளபளப்புக்குக் கம் அராபிக் (வேல மரப் பிசின்) ஒரு துளி, கூடினால் பூச்சில் வெடிப்பு விழும்.

பழையபெட்டி:
வெள்ளை பற்றி ஒன்று. வாட்டர்கலருக்கான துத்தநாக வெள்ளையை, 'சைனீஸ் ஒயிட்' என்ற பெயரில், வின்சர் அண்ட் நியூட்டன் 1834இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன் தாளை விட்டுவைப்பார்கள், கத்திமுனையால் சுரண்டுவார்கள், இல்லையென்றால் ஈய வெள்ளை. எண்ணெய் ஓவியத்தில் போல, வாட்டர்கலரில் ஈய வெள்ளைக்கு எண்ணெயின் காப்பு கிடையாது. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டுக் கறுத்துவிடும். மூலத்தில் லேஸ் ஓரத்தில் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா?

மைத்துளி:
ஆம், பூக்களின் நுனியில் வரிசையாக. நிழல் என்று நினைத்து அப்படியே போட்டிருந்தேன்.

பழையபெட்டி:
நிழலென்றால் ஒளிக்கு எதிர்ப்பக்கம் விழும். நுனிகளில் மட்டும் இருந்தால் அவை அநேகமாக ஓவியர் வைத்து, பின்னர் கறுத்துப்போன ஈய வெள்ளைப் புள்ளிகள். நகலில் வெள்ளையாகவே வையுங்கள்.