ஏழு மணிக்குத்தான் வெளுத்ததா?

பழைய கிராணி:
"நாட்குறிப்பு எதற்கு? நெஞ்சில் இருப்பதை எழுதினால் அதுதான் தன்வரலாறு" என்று நேற்று இங்கே ஒருவர் அருள்வாக்குச் சொல்லியிருக்கிறார். அவர் அப்படி எழுதி வெளியிட்ட நூலின் 12ஆம் பக்கத்தைப் பாருங்கள்: "1978இல் காலை ஏழு மணிக்குத்தான் லேசாக வெளுக்கும்." மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் அப்போது ஆறரைக்கே வெளுத்துவிடும். தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியது 1982 ஜனவரி முதல் தேதி; அன்றைய ஆறரைதான் இன்றைய ஏழு. இன்றைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அன்றைய பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போயிருக்கிறார் மனிதர்.

லயத்துக்காரன்:
எழுதியவன் நான்தான், சுற்றி வளைக்க வேண்டாம். தம்பியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, அம்மா வாளியும் உளியுமாக ரப்பர் மர நிரைக்குள் நுழைந்ததையும் அதே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். அது கண்ணில் படவில்லை, அரை மணி நேரம் பட்டுவிட்டது. ரப்பர் மரத்தடியில் வெளிச்சம் விழ நேரமாகும். திடலில் நின்று பெயர் கூப்பிட்ட கிராணிக்கு, தோட்டத்துக் கணக்கருக்கு, அது எப்படித் தெரியும்?

பழைய கிராணி:
ஆறரை என்றால் ஆறரை. மரநிழல் கடிகாரத்தை மாற்றாது. ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பை வரலாற்றாசிரியர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். உங்கள் நெஞ்சை யார் புரட்டுவார்கள்?

மங்கும் பாலும்:
கிராணியாரே, பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷ், மொழிபெயர்ப்பாளர். மையும் மேசையும் இருந்தன. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று இருட்டிலேயே நெற்றி விளக்கோடு போய், மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் உரித்து, பால் வெட்டி, ஸ்டோரில் பாலை எடை போட்டுவிட்டு வந்து உலை வைத்தவளிடம் நாட்குறிப்பு கேட்கிறீர்கள். உ.வே.சாமிநாதையர் எண்பது வயதைத் தாண்டி, 1940இல்தானே தம் வரலாற்றை வார இதழில் எழுதத் தொடங்கினார்?

பழைய கிராணி:
தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்த மனிதர் அவர். உங்கள் வீட்டில் எந்தக் கடிதத்தை வைத்திருக்கிறீர்கள், தங்கையே? என் அலமாரியில் 1978ஆம் ஆண்டு நாட்குறிப்பு அப்படியே இருக்கிறது. "6.30. வெளுத்தது. பிறகு மழை. பால்வெட்டு இல்லை." இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

லயத்துக்காரன்:
விடிவதைக் குறித்து வைக்க நீங்கள் என்ன சேவலா? பால்வெட்டு இல்லை என்று எழுதினீர்களே, அன்று வேலையில்லாமல் தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எழுதினீர்களா? அது நாட்குறிப்பு இல்லை ஐயா, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டின் நகல்.

சிப்புட் பேரன்:
பெரியவர்களே, ஜப்பானியர் காலத்தில் இங்கே தோக்கியோ நேரம், ஒன்றரை மணி நேரம் முன்னால். என் கொள்ளுத்தாத்தாவைச் சயாம் ரயில் பாதை போடும் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் சொல்லக் கேட்டதை நான் எழுதினால், எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும்?

பழைய கிராணி:
1942 வேறு, 1978 வேறு. குறுக்கே வராதீர்கள் தம்பி. ஆறரை! எழுத்தில் வைப்பது சிலருக்கு ஏன் கசக்கிறது என்று எனக்குத் தெரியும். கோயில் திருவிழாக் கணக்கையே வாயால் சொன்னவர்கள்தானே.

லயத்துக்காரன்:
கணக்கு வாசித்தபோது ஐயா அன்னதானப் பந்தியில் இரண்டாம் முறை உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்திருக்காது.

மங்கும் பாலும்:
இரண்டாம் முறைதானா? பரிமாறியவள் நான்.

பழைய கிராணி:
பாயசம் வந்த நேரத்தைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன், அதில் முந்திரி இல்லை என்பதையும். திசைதிருப்ப வேண்டாம். அடுத்த பதிப்பில் ஆறரை என்று திருத்துங்கள்.

லயத்துக்காரன்:
ஏழேகால் என்று போடப்போகிறேன்.

பழைய கிராணி:
தாராளமாகப் போடுங்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட ஆண்டும் தவறு. 43ஆம் பக்கத்துக்கு நாளை வருகிறேன்.