நெடுந்தீவில ரெண்டு ராவு நித்திரை கொண்டன், குதிரையளோட உங்களுக்கும் ஏதும் அனுபவம் இருந்தா எழுதுங்கோ

கோண்டாவில் மகள்:

வணக்கம். கன நாளா வாசிக்கிறதோட நிண்டனான், இண்டைக்குத்தான் எழுதுறன், நீளமாப் போகும், குறை நினையாதேங்கோ.

அப்பான்ர ஆட்டத்திவசம் போன மாசம் முடிஞ்சுது. பாரிசவாதம், நாலரை வருசம் படுக்கை. அண்ணா ஆக்கள் வெளியில, காசு ஒழுங்கா அனுப்புவினம், அதில பிழை சொல்லேல்லை, ஆனா பார்த்தது நான் தான். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பிரட்டிப் படுக்க வைக்காட்டி படுக்கைப்புண் வந்திடும் எண்டு நேர்ஸ் சொன்ன நாளில இருந்து ராவில 12, 2, 4 எண்டு போன்ல அலாரம். அவர் போனாப் பிறகு அலாரத்தை எடுத்தாச்சு, ஆனாலும் 2 மணிக்கு டாண் எண்டு முழிப்பு வந்திடும், எழும்பி அவற்ற அறை மட்டும் போய் லைட்டைப் போட்டாப் பிறகு தான் வெறுங் கட்டில் தெரியும்.

செத்தவீட்டில இருந்து அந்தியேட்டி மட்டும் சனம் சொன்னதுகளை ஒரு கொப்பியில எழுதலாம். "குடுத்து வச்ச மனுசன்", "இனி உனக்கும் ஒரு விடுதலை தானே", "அழு பிள்ளை, அழாட்டி நெஞ்சுக்க கட்டிப்போடும்". அவை அன்பில தான் சொன்னவை, எனக்குத்தான் பதில் சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போச்சு. கந்தோரிலயும் ஒரு கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சும் மண்டைக்க ஏறாது.

ஊர்காவற்றுறை சிநேகிதி ஒராள், தன்ர சொந்தக்கார ஆச்சி ஒராள் நெடுந்தீவில தனிய இருக்கிறா, ரெண்டு நாள் போய் நிண்டிட்டு வாவன் எண்டா. குறிகட்டுவானுக்கு பஸ், அங்கயிருந்து ஒரு மணித்தியாலம் போட். குமுதினிப் போட்டில வாறன் எண்டு சொன்னா இப்பவும் ஆச்சி ஒரு நிமிசம் ஒண்டும் கதைக்க மாட்டாவாம், 1985இல அந்தப் போட்டில போன சனத்தை வெட்டிக் கொண்டதை மறக்கிற சனமே அது.

அங்கத்தைக் காட்டுக்குதிரையளைப் பார்க்கிற ஆசையில திருநெல்வேலிச் சந்தையில அரைக்கிலோ கரட் வாங்கிக்கொண்டு போனனான், படத்தில எல்லாம் குதிரை கரட் தானே தின்னும். தெற்குப் பக்கத்து வெளியில ஒரு ஏழெட்டு நிண்டுதுகள், நாங்கள் நினைக்கிற உயரமில்லை, மட்டக்குதிரையள், வயிறு பெருத்து பிடரிமயிர் சடை பிடிச்சுப் போய். நான் பத்து அடி வைச்சா அதுகளும் பத்து அடி அங்கால, நிண்டா அதுகளும் நிக்கும். கரட்டைப் போட்டுப் பார்த்தன், ஒண்டு கூடத் திரும்பிப் பார்க்கேல்லை. ஆச்சி சிரிச்சுப்போட்டு "அதுகள் உதைக் கண்டதுகளே பிள்ளை, தொட்டியில தண்ணியை நிரப்பு" எண்டா. பதினாலு வாளி அள்ளினன், கை கொப்பளிச்சுப் போச்சு.

அண்டைக்கும் 2 மணிக்கு முழிப்பு. எழும்பி வெளியில வந்தா நல்ல நிலவு, கல்வேலிக்கு அங்கால குதிரையள் தண்ணி குடிச்சிட்டு அப்பிடியே நிக்குதுகள், ஒவ்வொண்டும் ஒரு பின்னங்காலை மடக்கி நுனிக்குளம்பை மட்டும் நிலத்தில முட்ட வைச்சுக்கொண்டு. அதுகளுக்கு நடுவில ஒண்டு பக்கவாட்டா விழுந்து கிடக்குது, கழுத்து நீட்டி, தலை மண்ணில. செத்துப்போச்சு எண்டே நினைச்சன். வயிறு ஏறி இறங்குதோ எண்டு பார்க்கிறன், நாலரை வருசம் அதையே பார்த்துப் பழகின கண், ஆனா நிலவு வெளிச்சத்தில பிடிபடேல்லை. ஓடிப்போய் ஆச்சியை எழுப்பினன். அவா சீலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து பார்த்திட்டு "விசர்ப் பெட்டை, அது நித்திரை. ஒண்டு உப்பிடி விழுந்து படுத்தா மற்றதுகள் நிண்டு பார்க்குங்கள், நீ போய்ப் படு" எண்டா. அந்த நேரம் பார்த்து அதின்ர கால் ரெண்டு தரம் உதறிச்சுது, நாய் கனவு காணுற மாதிரி.

போய்ப் படுத்தன். கண் முழிச்சா வெய்யில் முகத்தில, மணி ஏழேகால். 4 மணி போனதே தெரியாது. அடுத்த ராவு 2 மணியும் தெரியாது.

பேந்து தேடி வாசிச்சன், குதிரை முட்டியைப் பூட்டிக்கொண்டு நிண்டபடியே நித்திரை கொள்ளுமாம், ஆனா ஆழ்ந்த நித்திரைக்கு கட்டாயம் படுக்கோணுமாம், பயமில்லை எண்டு தெரிஞ்சா மட்டும் தானாம் படுக்கும். வீட்ட வந்து நாலாம் நாள் திரும்பவும் 2 மணிக்கு முழிப்பு வந்தது, பொய் சொல்லேல்லை. ஆனா எழும்பிப் போகேல்லை, அப்பிடியே கிடந்தன்.

ஸ்காபரோ குஞ்சு:

தங்கச்சி, உங்கட எழுத்தை வேலை பிரேக்ல வாசிச்சிட்டு வோஷ்ரூமுக்க போய் நிண்டிட்டு வந்தனான்.

நான் இஞ்ச வயோதிபர் இல்லத்தில வேலை. கோவிட் நேரம் என்ர ப்ளோர்ல எத்தினை பேர் போனவை எண்டு எண்ணுறதை விட்டிட்டன், அது முடிஞ்சு ரெண்டு வருசத்தால தான் எனக்கு விழுந்தது, காலமை காருக்க இருந்து இறங்க ஏலாது, கை ஸ்டியரிங்கில அப்பிடியே. கவுன்சிலர் தான் ஒரு குதிரைப் பண்ணைக்கு அனுப்பினவா, டொரன்டோவில இருந்து ஒண்டரை மணித்தியால ட்ரைவ், ஒரு மணித்தியாலத்துக்கு நூறு டொலருக்கு மேல (வீட்டுக்காரர் "குதிரையைப் பார்க்கவோ" எண்டு கேட்டவர்). ஏறி ஓடுறது ஒண்டும் இல்லை, நிலத்தில நிண்டு பழகிறது தான். ஒரு தெரபிஸ்டும் குதிரை தெரிஞ்ச ஒராளும் ரெண்டு பேரும் நிப்பினம். முதல் சொன்னது, நேர முன்னால வராதேங்கோ, வால் பக்கமும் போகாதேங்கோ, அந்த ரெண்டு இடத்திலயும் தான் அதுக்குக் கண் தெரியாது, தோள்ப்பக்கமா வாங்கோ எண்டு.

முதல் நாள் கயிறைத் தந்து நிலத்தில கிடந்த ஒரு தடியைத் தாண்டக் கூட்டிக்கொண்டு போ எண்டினம். நான் இழுக்கிறன், அது அசையுதில்லை. இன்னும் இழுக்கிறன், அது கொட்டாவி விடுது. எனக்கு வந்த கோவம், கயிறை எறிஞ்சிட்டு வெளிக்கிட்டிருப்பன். தெரபிஸ்ட் ஒண்டும் சொல்லேல்லை, கடைசியில மெல்லமாக் கேட்டா, மூச்சு விடுறீங்களோ எண்டு. விடேல்லை.

மூண்டாம் முறை பிடரி அடியைச் சொறியச் சொன்னவை, குதிரையள் ஒண்டையொண்டு பல்லால சொறியிற இடம் அது தானாம், அங்க சொறிஞ்சா இதயத் துடிப்பே குறையுமாம். ஸ்டெதஸ்கோப்பை இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால வைச்சுக் கேட்டன், நிமிசத்துக்கு 36. வேலையில நான் அப்பிடி எண்ணினா உடன அம்புலன்சுக்கு அடிக்கோணும், குதிரைக்கு அது தான் நோர்மலாம். நான் கண்ணை மூடி எண்ணிக்கொண்டு நிக்க அது ஒரு தும்மல் தும்மிச்சுது பாருங்கோ, என்ர புது ஜாக்கெட் முழுக்க. அந்த வருசம் நான் வாய்விட்டுச் சிரிச்சது அண்டைக்குத்தான்.

எட்டுத்தரம் போனன், பேந்து காசு கட்டாது எண்டு விட்டிட்டன். வேலையில இப்ப நைட் ஷிப்ட் எடுக்கிறேல்லை.

தீவான்:

நல்லது அக்கா, சந்தோசம். ஆனா இதை வாசிச்சிட்டு நாளைக்கு ஒரு வான் பிடிச்சு ஆறுதல் தேடி வெளிக்கிடப் போற ஆக்களுக்கு ஊர்க்காரன் ஒண்டு சொல்லோணும். போர்த்துக்கேயர் கொண்டு வந்து விட்டதுகள், ஒல்லாந்தர் லாயம் கட்டி வளர்த்ததுகள், அந்த லாயத்தில இப்ப தூண் தான் மிச்சம், குதிரை மட்டும் தன்ர பாட்டில நிண்டு பிடிச்சிருக்கு. 2015இல தேசியப் பூங்கா எண்டு அறிவிச்சவை. அறிவிச்சா மழை வருமே? கோடையில குளம் வத்தி வெடிச்சுப் போகும், நல்ல தண்ணி சாறாப்பிட்டிப் பக்கம் தான், மிச்சக் கிணறு கனக்க உவர். அந்த நேரம் குட்டியள் சேத்துக்க புதைஞ்சு சாகிறதை நாங்கள் தான் பார்க்கிறது. போன வருசம் ஒரு கூட்டம் வந்து ட்ரோனை விட்டு கலைச்சு கலைச்சு வீடியோ எடுத்தவை, வயித்தில குட்டியோட ஒண்டு கல்வேலியில மோதி காலை உடைச்சுப் போட்டுது. கிட்டப் போகாதேங்கோ, தொடப் பார்க்காதேங்கோ, பிளாஸ்டிக் பையை விட்டிட்டுப் போகாதேங்கோ. பதினாலு வாளி அள்ளினியள் பாருங்கோ, அதுக்கு நன்றி.

சுன்னாகம் பெடியன்:

நுவரெலியாவில குதிரை ஏறினனான், 10 நிமிசம், சீட் நொந்தது தான் மிச்சம். அந்தக் குதிரைக்கும் பேர்ன்அவுட் எண்டு தான் நினைக்கிறன்.

மன்னாரில கழுதையளைப் பராமரிக்கிற கிளினிக் ஒண்டு இருக்கு, எங்கட அக்கான்ர மகன், கதை வராத பிள்ளை, போன முறை போய் ஒரு கழுதையின்ர காதைப் பிடிச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் அசையாமல் நிண்டவன். வீட்டில அவன் ரெண்டு நிமிசம் நிக்க மாட்டான். காசு இல்லாத ஆக்கள் அந்தப் பக்கம் யோசியுங்கோ.

மருதனார்மட நேர்ஸ்:

மகள், நித்திரை இல்லாமல் வருசக்கணக்கா இருக்கிறது சின்ன விசயமில்லை, கிளினிக்குக்கும் ஒருக்கா போங்கோ. 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலயும் கதைப்பினம், ராவு 2 மணிக்கும் எடுக்கலாம். குதிரையும் பாருங்கோ, டொக்டரையும் பாருங்கோ. உங்கட அப்பாவுக்கு படுக்கைப்புண் வந்ததோ?

கோண்டாவில் மகள்:

எல்லாருக்கும் நன்றி. மிஸ், ஒண்டும் வரேல்லை, கடைசி மட்டும் ஒரு புண் வரேல்லை. அதை ஒருத்தரும் இது வரைக்கும் கேக்கேல்லை.

தீவான் தம்பி, கோபிக்காதேங்கோ, ஆச்சி வீட்டு விலாசம் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். ஆடி ஆவணியில காய்ச்சல் வெய்யிலுக்க நானே திரும்ப வரப் போறன், இந்த முறை பெரிய வாளியும் கையுறையும் கொண்டாறன். இன்பொக்ஸில கரட்டுக்கு என்ன நடந்தது எண்டு மூண்டு பேர் கேட்டிட்டீங்கள். ஆச்சின்ர ஆடு திண்டிட்டுது, பையோட.