மறு: வீட்டோ பாயிண்ட் – தடுப்புமுனையா, மறிப்புமுனையா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். 'வீட்டோ பாயிண்ட்' (ஒரு முடிவு நிறைவேறச் சம்மதம் கிடைத்தே ஆக வேண்டிய இடம்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> வீட்டோவுக்குத் 'தடுப்பதிகாரம்' புழக்கத்தில் இருக்கும்போது 'தடுப்புமுனை' என்று வைத்துக்கொண்டால் என்ன குறை?

குறை இருக்கிறது ஐயா. பொருளாதாரத்தின் போக்கை மாற்றப் புறப்படும் அரசு வழியில் எங்கெங்கே, யார் யாரிடம் சம்மதம் வாங்கியாக வேண்டும் என்று கணக்கெடுக்கத்தான் இந்தச் சொல். பிரிட்டன் பிரதமர் தாட்சருக்கு அந்தத் தொல்லை குறைவு. நாடாளுமன்றத்தில் தனிப் பெரும்பான்மை. 1984இல் பிரிட்டிஷ் டெலிகாம், 1986இல் பிரிட்டிஷ் கேஸ் என்று அரசு நிறுவனங்களை விற்றுக்கொண்டே போனார். ஜெர்மனியின் அரசுத் தலைவராக (சான்சலர்) இருந்த ஷ்ரோடர் 2003இல் வேலையில்லாதோர் உதவித்தொகையில் கைவைத்தபோது, மாநிலங்களின் அவையான புண்டஸ்ராட் எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. மசோதா சாகவில்லை. சமரசக் குழுவில் பேரம் நடந்து, உருமாறி, சட்டமானது. இந்தப் பேரத்துக்குத் 'தடுப்பு' என்ற சொல்லில் இடமே இல்லை.

'மறி'யில் இருக்கிறது. மறிப்பவர் கேட்டது கிடைத்தால் வழிவிடுவார். (ஆட்டுக்குட்டிக்கும் மறி என்றுதான் பெயர், 'மறிப்பு' என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள்.) ஜிஎஸ்டியை (சரக்கு, சேவை வரி) பாருங்கள். அரசியல் சட்டத்தைத் திருத்த மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டியிருந்தன. அதனால்தான் மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு, அதுவும் ஆண்டுக்கு 14 விழுக்காடு வருவாய் வளர்ச்சி என்று கணக்கிட்டு. மதுவும் பெட்ரோலும் வெளியே நின்றன. 2016 ஆகஸ்டில் அதிமுக வெளிநடப்பு செய்தும் திருத்தம் நிறைவேறியது.

ஒன்றிய, மாநில அமைச்சர்கள் கூடி இந்த வரி பற்றி முடிவெடுக்கும் ஜிஎஸ்டி மன்றம் இன்னும் சுவாரசியம். முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஒன்றிய அரசின் வாக்குக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு எடை. ஆகவே ஒன்றிய அரசு தனியாகவே மறிக்கலாம். மாநிலங்கள் மறிக்க வேண்டுமானால், மாநிலங்களின் பிரதிநிதிகள் 31 பேரும் வந்திருக்கும் கூட்டத்தில் 12 பேராவது ஒன்று சேர வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: இடத்துக்கு மறிப்புமுனை, ஆளுக்கு மறிப்பாளர்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து

---

> இடத்துக்கு மறிப்புமுனை, ஆளுக்கு மறிப்பாளர்

ஐயா, பிரிப்பு சரி. சொல்தான் உறுத்துகிறது. சென்னையில் மறியல் என்றால் அண்ணா சாலையில் உட்கார்வதும், கைதாகிக் கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை இருந்துவிட்டு வீடு திரும்புவதும்தான். 2020இன் வேளாண் சட்டங்கள் இரு அவைகளையும் தாண்டிவிட்டன. தில்லி எல்லையில் உழவர்கள் ஓராண்டு உட்கார்ந்த பிறகுதான் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. மாணவர்கள் அந்தப் போராட்டக் களத்தையும் மறிப்புமுனை என்று எழுதிவைப்பார்களே?

---

எழுதக் கூடாதுதான் அம்மா. அதற்கு வரையறையிலேயே 'முடிவெடுக்கும் நடைமுறைக்குள்' என்று சேர்த்துவிடலாம். 'சட்டப்படி' என்று மட்டும் போட்டால் நெய்வேலி விடுபட்டுப் போகும். 2006இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் 10 விழுக்காடு பங்கை விற்க ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்ததும், கூட்டணியில் இருந்த திமுக விலகப்போவதாக மிரட்டியது. மன்மோகன் சிங் அந்த ஜூலையில் எல்லாப் பொதுத்துறைப் பங்கு விற்பனையையும் நிறுத்திவைத்தார். எந்தச் சட்டப்பிரிவும் திமுகவுக்கு அந்த உரிமையைத் தரவில்லை, எம்பிக்களின் எண்ணிக்கை தந்தது. 2013இல் மறுபடி விற்பனைப் பேச்சு வந்தபோது ஜெயலலிதா அரசுக்குத் தில்லியில் அப்படியொரு பிடி இல்லை. மறிக்க முடியாததால் தமிழக அரசு நிறுவனங்களே விற்பனைக்கு வந்த பங்கை வாங்கிக்கொண்டன. காசு கொடுத்து!

எனவே சட்டம் தரும் உரிமையால் மறிப்பவருக்கு 'அமைப்புவழி மறிப்பாளர்', எம்பிக்களின் எண்ணிக்கையால் மறிப்பவருக்குக் 'கட்சிவழி மறிப்பாளர்' என இரண்டு பதிவு போடலாம். ஜிஎஸ்டி மன்றம் எதில் சேரும் என்பதில் எனக்கே இப்போது தயக்கம்: அதன் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் மாநிலச் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2022 மேயில் சொல்லிவிட்டது. சட்டம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.