ஒரே தண்டு, ஒரே நுண்மானி, பதினாலு விடை

ஹட்டன்_பட்டறை:
பாடசாலையில் லேத் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை ஒரு உருக்குத் தண்டையும் நுண்மானியையும் (திருகைச் சுற்றி நூறில் ஒரு மில்லிமீற்றர் வரை அளக்கும் கருவி) கொடுத்து, 14 பிள்ளைகளை வரிசையாக விட்டம் எடுக்கச் சொன்னேன். நான் எடுத்தபோது 12.87 மில்லிமீற்றர். நாலு பேர் 12.37 என்று எழுதினார்கள், அதில் ஒருவன் கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. மற்றவர்கள் 12.84, 12.85 என்று ஆளுக்கொன்று. கணக்கில் சுமாரான ஒரு பிள்ளை மட்டும் மூன்று தடவையும் 12.87. இது கண்ணா, கையா, மூளையா? காலைக் குளிரும் காரணமாக இருக்குமோ?

பழைய_ஃபிட்டர்:
தம்பி, குளிரைச் சாட்டுச் சொல்லாதீங்க. 100 மில்லிமீற்றர் உருக்கு 10 பாகை சூடேறினால்தான் 0.01 அளவுக்கு நீளும், உங்கள் தண்டில் அது தெரியவே தெரியாது.

12.37 எழுதியவர்களின் கையில் குறையில்லை. திருகு ஒரு சுற்றுக்கு 0.5 நகரும், அளவுகோலில் அரை மில்லிமீற்றரைக் காட்டும் கோட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள், அதனால்தான் பிழை சரியாக 0.50. கெட்டிக்காரப் பிள்ளைகள் மனதுக்குள்ளேயே கூட்டிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவார்கள். 12.84 வேறு கதை, அவன் ராட்செட்டை, அதாவது அளவான அழுத்தம் வந்ததும் நழுவிவிடும் நுனிப் பிடியை, தொடாமல் உருளையைப் பிடித்து இறுக்கி முறுக்கியிருப்பான். நான் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் சேர்ந்த புதிதில் எங்கள் மேஸ்திரி கண்ணை மூடச் சொல்லிவிட்டு வெளிக் கலிப்பரை (இரண்டு வளைந்த காலால் தண்டின் விட்டம் பார்க்கும் கருவி) தண்டின் மேல் விடச் சொல்வார். அது தன் பாரத்திலேயே மெதுவாக இறங்க வேண்டும், தள்ளினால்தான் இறங்குது என்றால் கலிப்பரில் வைத்த அளவு சின்னது, தடதடவென்று விழுந்தால் பெரியது. கை பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது, சிலருக்கு ஒரே நாள்.

பதுளை_டீச்சர்:
கண்ணை விட்டுவிட்டீர்களே ஐயா. இரண்டு கோடு ஒன்றோடொன்று பொருந்துதா விலகுதா என்று பார்ப்பதில் மனிதக் கண் படு கெட்டி, இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்ப்பதைவிடப் பல மடங்கு நுட்பம். வேணியர் இடுக்கி, அதாவது நகரும் அளவுகோலின் எந்தக் கோடு நிலையான அளவுகோலின் கோட்டோடு பொருந்துது என்று பார்த்து வாசிக்கும் கருவி, ஓடுவதே அந்தப் பலத்தில்தான். ஆனால் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி, பட்டறையில் ஒரே ஒரு பல்ப் எரிந்தால் 0.02 மில்லிமீற்றர் வரை வாசிக்கும் வேணியரில் பக்கத்துப் பக்கத்துக் கோடு மூன்றும் பொருந்தின மாதிரித்தான் தெரியும். அப்போது நடுக்கோட்டையே முறைக்காமல், இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒரே அளவு விலகியிருக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருத்தி எப்போதும் இரண்டு கோடு தள்ளியே வாசிப்பாள், கடைசியில் பார்த்தால் கண்ணாடி போட வேண்டிய பிள்ளை.

ஹட்டன்_பட்டறை:
ஃபிட்டர் ஐயா சொன்னது சரி. ராட்செட்டால் மட்டும் மூடச் சொன்னேன், 12.84 காரர்கள் 12.86, 12.87க்கு வந்துவிட்டார்கள், ஒருவன் மட்டும் இன்னும் முறுக்குகிறான். அந்தச் சுமாரான பிள்ளையின் கொப்பியையும் வாங்கிப் பார்த்தேன். முதலில் ஓரத்தில் 12.5 என்று எழுதிவிட்டு, அப்புறம் கீழே 0.37, பிறகுதான் கூட்டியிருக்கிறாள். முதலாவது பையனுக்கும் அப்படி எழுதச் சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினான், 12.87 வந்தது.

இனி இரண்டாவது நுண்மானியைப் பார்க்க வேண்டும். அதில் பூச்சிய வழு 0.02 இருக்கு, அதாவது முழுதாக மூடினாலும் பூச்சியத்துக்குப் பதில் 0.02 காட்டுது, அதை யாருமே கழிக்கவில்லை, நானும்தான்.